240 பிரேம் படப்பதிவில் ஒளி துடிக்கிறது: எந்த விளக்கு பொருந்தும்?

வாளி, நாற்காலி, மணல், வெடித்திரி ஆகியவற்றைக் கொண்டு நொடிப்பொழுதில் முடியும் நிகழ்வுகளை நடத்தி, அவற்றைச் சூப்பர் 8 படச்சுருளில் பதிவு செய்தவர் சுவிட்சர்லாந்துக் கலைஞர் ரோமன் சிக்னர்.

அவர் வழியில், சுவிட்சர்லாந்தின் செங்காலன் நகரில் நடைபெறவுள்ள எங்கள் மாணவர் கண்காட்சிக்காக, நீர் நிரப்பிய பலூன் வாளிக்குள் விழுந்து உடைவதை ஐபோன் 13இல் நொடிக்கு 240 பிரேம் (படச்சட்டம்) வேகத்தில் எடுத்து வருகிறேன். கடந்த வாரம் படப்பிடிப்பை அறைக்குள் மாற்றியதிலிருந்து, எல்இடி ஒளியில் படம் முழுவதும் துடிக்கிறது. பலூன் கிழியும் கணமே இருண்டுவிடுகிறது. இங்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலைவு). விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்தும் பயனில்லை. தனிச் செயலி வழியே 60 பிரேமுக்குக் குறைத்து, ஷட்டர் நேரத்தை (ஒவ்வொரு பிரேமும் ஒளி பெறும் நேரம்) 1/100 நொடியாக வைத்தால் துடிப்பு மறைகிறது. ஆனால் எனக்கு வேண்டிய நீரின் வடிவம் கலைந்துவிடுகிறது. வெளியில் எடுத்தால் காற்று பலூனை விலக்குகிறது.

இந்த வேகத்தில் துடிக்காத, குறைந்த வாடகைக்குக் கிடைக்கக்கூடிய விளக்கு வகை எது?