உப்பு ஏற்றும் லாரியின் அலுமினியப் பாகங்களுக்கு எந்தப் பூச்சு நிற்கும்?

கேள்வி: முத்துநகர் டாரஸ்

வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றும் எங்கள் டாரஸ் லாரிக்கு டூல்பாக்ஸ், ஏறுபடி, பக்கவாட்டுத் தடுப்பு மூன்றையும் அலுமினியத்தில் புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறோம். முதல் இரண்டும் செக்கர் ஷீட்டை (வழுக்காமலிருக்க மேடுகள் பதித்த தகடு) வெல்டிங் செய்து உருவாக்குபவை. தடுப்பு 6063 ரக அலுமினியக் குழாய். பழைய பாகங்களில் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்ததோடு, பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போலக் கோடுகளும் ஓடிவிட்டன. பவுடர் கோட்டிங் (பொடியைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் படலமாக்கும் பூச்சு) போதும் என்கிறார் பட்டறைக்காரர். அனோடைசிங்தான் வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். செலவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பவுடர் பட்டறை

ஐயா, அந்தப் புழுத்தடம் பூச்சின் தரத்தைவிடப் பூச்சுக்கு முன் நடந்த வேலையைத்தான் காட்டுகிறது. விளிம்பிலோ கீறலிலோ நுழையும் உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, உலோகத்துக்கும் பூச்சுக்கும் இடையே பிடிப்பில்லாத இடங்களின் வழியாக இழையிழையாக முன்னேறும். ஆகவே, பவுடர் தெளிப்பதற்கு முன் என்ன செய்வீர்கள் என்று பட்டறையில் முதலில் கேளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, மேலே படிந்த ஆக்சைடை அரித்தெடுத்து, நன்றாக அலசி, குரோமேட் கரைசலிலோ குரோமியம் கலக்காத சிர்க்கோனியக் கரைசலிலோ முக்கியெடுக்க வேண்டும். தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தெளிக்கும் இடமென்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பவுடர் பாலியஸ்டர் வகையாக இருக்கட்டும். எபாக்ஸி வெயிலில் வெளுத்துப் பொடியும். 60 முதல் 80 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிப்பு போதுமானதுதான், ஆனால் கூரான விளிம்பில் அது மெலிந்துவிடும் என்பதால், தகட்டின் ஓரங்களை முதலிலேயே அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள்.

பதில்: அமிலத்தொட்டி

டூல்பாக்ஸுக்குப் பவுடர் கோட்டிங்தான் என் தேர்வும். ஏறுபடிக்கு அதை ஏற்க மாட்டேன். ஓட்டுநரும் கிளீனரும் மணல் ஒட்டிய செருப்போடு மிதிக்கும் படியில், செக்கர் ஷீட்டின் மேடுகளில் பவுடர் முதலில் தேய்ந்து உரியும். அரிப்பு அங்கிருந்தே தொடங்கும். அனோடைசிங் மேலே ஒட்டவைக்கும் படலமன்று. கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடாக மாற்றுவதால், அது பெயின்ட்டைப்போல உரிவதில்லை. கடற்கரை ஓட்டத்துக்கு 25 மைக்ரான் தடிப்பும், இறுதியில் கொதிநீரில் நுண்துளைகளை அடைக்கும் சீலிங்கும் கேட்டு வாங்குங்கள். வெல்டிங் செய்பவரிடம் இணைப்பில் உருக்கி நிரப்ப 5356 ரகக் கம்பி வைக்கச் சொல்லிவிடுங்கள். சிலிக்கான் கலந்த 4043 கம்பியில் வைத்த இணைப்பு, தொட்டியிலிருந்து வெளியே வரும்போது கருஞ்சாம்பல் கோடாகத் தெரியும். வாட்டர் சர்வீஸில் காஸ்டிக் சோடாவோ ஆசிடோ கலந்து அடிக்க அனுமதிக்கவே கூடாது, அந்த ஆக்சைடு அடுக்கு கரைந்துவிடும்.

முத்துநகர் டாரஸ்

இருவருக்கும் மிக்க நன்றி. தடுப்புக் குழாயையும் அனோடைஸ் செய்துவிட்டால், போல்ட்டைச் சுற்றிப் பூப்பது நின்றுவிடுமா?

பதில்: பாடி பில்டர், நாமக்கல்

நிற்காது அண்ணா. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொடுவதுதான் அதற்குக் காரணம். போல்ட் இரும்பானாலும் ஸ்டெயின்லெஸ் ஆனாலும், அந்தச் சேர்க்கையில் அரிபடுவது அலுமினியமே. எனவே தலைக்கும் நட்டுக்கும் அடியில் நைலான் வாஷர், போல்ட்டின் உடலைச் சுற்றி நைலான் புஷ் (குழாய் போன்ற உறை), சேஸிஸ் பிராக்கெட்டுக்கும் குழாய்க்கும் இடையே பிளாஸ்டிக் தகடு என்று மூன்று இடத்திலும் தொடர்பைத் துண்டியுங்கள். துளைகள் எல்லாவற்றையும் பூச்சுக்கு முன்பே போட்டுவிட வேண்டும், ஏனெனில் பூசிய பிறகு துளைத்தால் வெறும் உலோகம் வெளியே தெரிந்து உப்பு முதலில் அங்கேதான் உட்காரும். டூல்பாக்ஸின் அடியில் நீர் வடியவும் வழி விடுங்கள். உப்பு இறக்கிய அன்றே, பிராக்கெட்டுகளின் பின்புறம் உட்பட, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நைலான் அமுங்கக்கூடியது என்பதால், மாட்டிய பின் முதல் சில ஓட்டங்கள் முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பார்த்துவிடுங்கள்.