கடுக்காய் மரத்தடியில் கலம்காரி

போன தை மாதம் வேலூரை ஒட்டிய ஒரு கல்லூரியின் மூலிகைத் தோட்டத்தில், செடிச் சாயத்தால் கையால் வரைந்த கலம்காரித் துணிகளை மரத்துக்கு மரம் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குடியாத்தத்தில் முப்பது வருடம் லுங்கி நெய்த என் அத்தையையும் அழைத்துப் போனேன்.

எந்தச் செடியின் சாயமோ, அந்தச் செடிக்குப் பக்கத்திலேயே துணி. அவுரி இலையைக் கிள்ளிப் பார்த்தேன், நீலம் துளிகூட இல்லை. ஊறிப் புளித்த சாயத் தொட்டியிலிருந்து எடுக்கும்போதும் துணி பச்சையாகத்தான் வருமாம், காற்றுப் பட்டால்தான் நீலம். பெயர்ப்பலகை எல்லாம் லத்தீனில் மட்டும் இருந்தது எனக்கு வருத்தம். ஆவாரையை மட்டும் அத்தை தூரத்திலேயே பூவை வைத்துச் சொல்லிவிட்டார்.

நான் அசந்து நின்றது கடுக்காய் மரத்தடியில். காளஹஸ்தியிலிருந்து வந்த ஓர் அம்மா வரைந்துகொண்டிருந்தார். மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். அதுதான் கலம். கம்பளி மையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் அழுத்த அழுத்த முனைக்கு இறங்கும். மை என்பது துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய தண்ணீர். இழுத்தபோது மங்கலாக இருந்த கோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது! காடாத் துணியை முன்பே கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்து வைத்திருக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது, பாலின் கொழுப்பு மை பரவாமல் பிடித்துக்கொள்கிறது.

கடுக்காய் என்றால் எனக்கு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கித் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போகிற சரக்கு, அவ்வளவுதான். அதே காயில் இப்படியொரு வேலை இருப்பது இத்தனை வயதில்தான் தெரிகிறது. காளஹஸ்தியும் அந்நியம் இல்லை, 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை நம் வட ஆர்க்காட்டில்தான் இருந்தது.

அத்தை அதற்குள் அந்த அம்மாவோடு தெலுங்கில் பேச ஆரம்பித்திருந்தார். துணி ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம், “கஞ்சி சுத்தமா போக அலசியிருக்காங்க, அதான் பால் இப்படிப் புடிச்சிருக்கு” என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு துண்டுத் துணியையும் கலத்தையும் நீட்டினார். கரை பார்த்துப் பழகிய கை, கோடு நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

“இரு கண்ணு, கறுக்கட்டும்” என்று அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.