சாரல் விழுந்தால் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, மதர்போர்டு போய்விட்டதா?

புளியரை அக்கா:
செங்கோட்டைக்கு மேற்கே, புளியரையில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து பிரஸ்ஸுக்குக் கொடுக்கிறேன். மாப்பிள்ளை வீடு புனலூர், தென்மலைப் பக்கம் என்றால் ஒரே பத்திரிகையில் தமிழும் மலையாளமும் வேண்டும் என்பார்கள். ஆவணி முகூர்த்த ஆர்டரெல்லாம் இப்போது கையில் இருக்கிறது.

சாரல் பிடித்ததிலிருந்து கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரை வருவதில்லை. சட்டென்று கறுத்து, லோகோ வந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. காலையில்தான் தொல்லை அதிகம், மத்தியானம் வெயில் தலைகாட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. நேற்று ஒரு மலையாளப் பக்கம் முழுதாகப் போய்விட்டது. தாத்தா பாட்டி பேர் வரைக்கும் மறுபடி டைப் செய்து, அந்த வீட்டாரிடம் காட்டி எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். கடையில் கேட்டால் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க" என்கிறார்கள். வேறு என்ன பார்க்கலாம்?

குமுளி தம்பி:
அக்கா, முதலில் யூபிஎஸ்ஸைப் பாருங்க. உள்ளே இருக்கிற 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்ந்துவிடும். அப்புறம் கரண்ட் கண் சிமிட்டினாலே கம்ப்யூட்டர் விழுந்துவிடும். எங்கள் ஊரிலும் காற்றுக் காலத்தில் மரக்கிளை லைனில் உரசி இதே பாடுதான். நேராகச் சுவர் பிளக்கில் போட்டு ஓட்டிப் பாருங்க.

புளியரை அக்கா:
போட்டுப் பார்த்தேன் தம்பி, அப்படியும் ஆகிறது. அந்த நேரத்தில் மேஜை விளக்கு சிமிட்டவே இல்லை. சிபியூவில் காது வைத்துக் கேட்டேன். ஸ்கிரீன் கறுக்கும்போதும் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது.

தென்காசி அண்ணாச்சி:
அம்மா, ஃபேன் நிற்கவில்லை என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. எஸ்எம்பிஎஸ், அதாவது சிபியூவுக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி, கரண்டைக் கைவிட்டால் பெரும்பாலும் ஃபேனும் சேர்ந்து அடங்கும். இது யாரோ ரீசெட் பட்டனை அழுத்துவது மாதிரி இருக்கிறது.

முதலில் இரண்டு சோதனை. விண்டோஸில் நடந்ததைப் பதிந்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, கெர்னல்-பவர் 41 என்ற பதிவின் விவரத்தில் பக்செக் கோட் என்ன என்று பாருங்கள். 0 என்றால் நீலத் திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். வேறு எண் இருந்தால் ராம், டிரைவர் பக்கம் தேட வேண்டும். அடுத்து, காலையில் விண்டோஸுக்குள் போகாமல், அதற்கு முன் வரும் செட்டிங்ஸ் திரையான பயாஸ் திரையிலேயே வெறுமனே விட்டு வையுங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ் மேல் குற்றமில்லை, ஃபார்மேட் செய்யவும் வேண்டாம்.

இரண்டும் அப்படியே வந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கேபினட் முகப்பிலிருந்து சன்னமான வயர்கள் வந்து போர்டின் ஓரத்தில் சொருகியிருக்கும். ரீசெட் என்று எழுதிய இரண்டு துளைக் கனெக்டரை மட்டும் உருவிவிடுங்கள். ஆரியங்காவு கணவாய்க் காற்று சாரலோடு உங்கள் ஊரில்தான் முதலில் இறங்குகிறது. அந்த ஈரத்தில் சுவிட்ச் களிம்பு பிடித்துத் தானாக ஒட்டிக்கொள்வதை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். திறந்து பார்க்காமல் போர்டை மாற்றச் சொல்வது நியாயமே இல்லை.

புளியரை அக்கா:
அண்ணாச்சி, 0 தான் இருந்தது. பயாஸிலும் ரீஸ்டார்ட் ஆனது. வயரை உருவினேன். சுவிட்சின் கால் பச்சையாகப் பூத்திருந்தது. ராத்திரி முழுக்கச் சாரல், ஆனாலும் காலையிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. மலையாளப் பக்கத்தை முடித்து அனுப்பியும்விட்டேன். ரொம்ப நன்றி. அந்த சுவிட்ச் இல்லாமலே ஓட்டலாமா?

தென்காசி அண்ணாச்சி:
தாராளமாக. கம்ப்யூட்டர் உறைந்துபோனால் பவர் பட்டனை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணையும். கனெக்டர் நுனியில் டேப் சுற்றிவிடுங்கள். சிபியூவை மேற்கு ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், சுவரோடு ஒட்ட வேண்டாம்.