தினமும் நடந்தும் தொடை மெலிந்தது: உங்களுக்கும் நேர்ந்ததா?

திருச்சி, 67 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர்

பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலை நடையை நான் விட்டதில்லை. தில்லைநகர் வீதிகளில் நாளுக்கு 5 கிலோமீட்டர் நடப்பேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மூச்சு வாங்குவதில்லை. என் உடம்புக்கு ஒரு குறையும் வராது என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

சென்ற தை மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் தரையில் பாய் விரித்துப் பந்தி போட்டார்கள். சாப்பிட்டு இலையை மூடினேன். எழ முடியவில்லை. வலியும் இல்லை, தலைசுற்றலும் இல்லை. உடம்பைத் தூக்கும் வலு தொடையில் இல்லை, அவ்வளவுதான். மைத்துனர் மகன் பின்னால் வந்து, இரு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொன்னார். 15 விநாடி ஆயிற்று. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்று முதுமைத் தசை மெலிவு பற்றிய ஆசிய நிபுணர் குழு 2019இல் வரையறுத்திருக்கிறதாம். பிறகு கெண்டைக்காலில் டேப் வைத்து அளந்தார், 32 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 34க்குக் கீழே போனால் தசை மெலிவைச் சந்தேகிக்க வேண்டும் என்றார்.

“இத்தனை வருடம் நடந்தேனே?” என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் இது. நடக்க நடக்கத் தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசை நன்றாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பலன் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் வயதாகும்போது அதிகமாக மெலிபவை வேக இழைகள், அதாவது சட்டென்று சுருங்கி வலுக் காட்டும் தசை இழைகள். சட்டென்று எழுவதற்கும், தடுக்கினால் மறுகாலை ஊன்றிச் சமாளிப்பதற்கும் அவைதான் வேண்டும். சமதளத்தில் நிதானமாக நடக்கும்போது அவற்றுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் மலைக்கோட்டைப் படிகளில் முடிந்த மட்டும் ஏறுகிறேன். மற்ற நாட்களில் நடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறேன். காலையும் மாலையும் நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி உண்டு. நான்கு மாதத்தில் 15 விநாடி 11 ஆகியிருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மதுரை, 61 வயது, இல்லத்தரசி

அண்ணா, எனக்கு நேர்ந்தது வேறு விதம். எடை குறைய வேண்டும் என்று தினமும் ஒரு மணி நேரம் நடந்தேன், இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டேன். ஆறு மாதத்தில் 9 கிலோ இறங்கியது. தெருவில் எல்லோரும் பாராட்டினார்கள். ரவிக்கைக் கை தொளதொளத்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இடுப்புக்குத் தூக்க முடியாமல் குழாயடியிலேயே வைத்துவிட்டு நின்றேன். கொழுப்போடு தசையும் சேர்ந்து போயிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்றார். என் எடை 54 கிலோ. காலையில் கஞ்சி, மதியம் கொஞ்சம் சோறும் ரசமும் என்று இருந்தவளுக்கு அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. இப்போது இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டித் தயிர் எல்லாம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

சேலம், பிசியோதெரபிஸ்ட்

ஐயாவும் அம்மாவும் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் நடையை நிறுத்திவிடக் கூடாதே என்று கவலையாக இருக்கிறது. நடை, சைக்கிள் போல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி தசையை வளர்க்காது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எழுபது வயதைக் கடந்த ஆண்களை 12 வாரம் ஒரே இடத்தில் நிற்கும் உடற்பயிற்சிச் சைக்கிளை மிதிக்க வைத்தார்கள். அவர்களுடைய தொடைத் தசை பெருத்தது. சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் தொடை எதையாவது எதிர்த்துத் தள்ளியாக வேண்டும். படியும் மேடும் அதே வேலையைத்தான் வாங்குகின்றன.

இன்னொன்றையும் என்னிடம் வருபவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். அதே ஐவரை ஐம்பது வயதில் மறுபடி சோதித்தபோது, முப்பது ஆண்டு மூப்பு மூச்சு வாங்க உழைக்கும் அவர்களுடைய திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. ஆறு மாத நடை, ஓட்டம், சைக்கிள் பயிற்சியில் மூப்பால் இழந்ததை மீட்டார்கள். அது மூச்சுத் திறனின் கணக்கு, தசை அளவின் கணக்கு அல்ல. ஆனாலும் காய்ச்சலில் படுத்த முதியவரை “அசையாமல் இருங்கள்” என்று வாரக்கணக்கில் படுக்க வைக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது.

தஞ்சாவூர் அருகில், 73 வயது, விவசாயி

தம்பி சொல்வது முழுக்க உண்மை. டெங்குவில் 18 நாள் படுத்தேன். எழுந்தபோது முழங்கால் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. வாய்க்கால் கரையில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து மிதித்து மூன்று மாதத்தில்தான் கால் பழையபடி ஆயிற்று. திருச்சி ஐயா, படி இறங்கும்போது மூட்டு வலிக்கவில்லையா? என் வீட்டுக்காரிக்கு அந்தப் பயம் இருக்கிறது.

திருச்சி, 67 வயது

ஆரம்பத்தில் வலித்தது. ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குக் கடினம். கைப்பிடியை விடாமல், ஒரு படியில் இரு காலும் வைத்து இறங்கினேன். உங்கள் வீட்டம்மாவுக்கு ஏற்கெனவே மூட்டு வலி இருந்தால் படி வேண்டாம். நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பழகியதும் தலையணையை எடுத்துவிடலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் காது குத்து, மறுபடி தரைப் பந்தி. எழும்போது இடது கையை மட்டும் ஊன்றினேன். மைத்துனர் மகன் ஓடி வந்தான்; நான் அதற்குள் எழுந்து நின்றிருந்தேன்.