ஒரு ரூபாய் கிளிப் எரர்: அசலா, அரத்தால் ராவியதா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கிளிப் எரர் என்றால், அச்சடிக்கும் முன்பே ஓரம் குறைந்து வெட்டுப்பட்ட வட்டத்தில் அடித்த காசு. புழக்கத்தில் கிடைத்த 2014 ஒரு ரூபாய், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆண்டுக்குக் கீழே புள்ளி, அதாவது நொய்டா நாணயச்சாலை. சிங்கமுகப் பக்கத்தில், INDIA என்று உள்ள வலது ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி. எடை 3.52 கிராம், இருக்க வேண்டியது 3.79. கடியின் வளைவில் இன்னொரு ஒரு ரூபாயை வைத்தால் ஏறக்குறைய பொருந்துகிறது. தகட்டில் ஏற்கெனவே வெட்டிய துளை மேல் பஞ்ச் (காசு வட்டத்தை வெட்டும் கருவி) மறுபடி விழுந்தால் அப்படித்தான் வரும்.

சாதகம்: கடிக்கு நேர் எதிரே, பாரத் என்று இந்தியில் உள்ள பக்கம், விளிம்பு தேய்ந்தாற்போல் தட்டையாக இருக்கிறது. இதுதான் பிளேக்ஸ்லி விளைவு. விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் கடிபட்ட இடத்தில் அழுத்தம் இல்லாததால் எதிர்ப்புறமும் எழும்பாது. பின்னாளில் வெட்டியவர்களால் இதை உருவாக்குவது மிகக் கடினம்.

சந்தேகம்: கடியின் வெட்டுமுகத்தில், பத்து மடங்கு லென்ஸில், இணையான மெல்லிய கோடுகள். பஞ்ச் விட்ட கோடா, அரம் விட்டதா? செம்பு நிக்கல் காசு என்றால் நிறம் மங்கியதை வைத்தே சொல்லலாம். ஸ்டீலில் அது நடக்காது. கடியோரத்து எழுத்து, உலோகம் வழிந்து இழுபட்டிருக்கிறதா (அசல்), சட்டென்று அறுபட்டிருக்கிறதா (பின்னால் வெட்டியது) என்பதும் நான் எடுத்த படத்தில் எனக்குத் தெளிவாக இல்லை.

இதே வகை ஒரு ரூபாயில், சோதித்து உறுதியான கிளிப் வைத்திருப்பவர்கள், வெட்டுமுகத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துப் போட முடியுமா? காசைக் கழுவவில்லை, விற்கவும் இல்லை.