1987 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் (எஃப்சி மாடல், டர்போ இல்லாத 13பி ரோட்டரி இன்ஜின்): சூடானதும் ஐடிலிங் 500-க்கு இறங்குது

சுழலி87:

சீரிஸ் 4 வண்டி, மேனுவல் கியர், போர்ட்டை (காத்து, புகை போற வாய்) பெரிசாக்காத இன்ஜின். காலைல ஸ்டார்ட் பண்ணா 3000 வரை ஏறி, சில வினாடில இறங்கி நல்லா நிக்குது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் 450–550 ஆர்பிஎம், இன்ஜின் மொத்தமா ஆடுது. ஹெட்லைட் போட்டா ஆஃப் ஆயிடுது. 2000-க்கு மேல எந்தக் குறையும் இல்ல. சூட்டோட ரீஸ்டார்ட் பண்ணாலும் உடனே பிடிக்குது.

பிளக் நாலும் புதுசு (கீழ பியுஆர்7இக்யு, மேல பியுஆர்9இக்யு). ஃபியூவல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு. ஐடில் ஸ்க்ரூவைத் திறந்து 900 வெச்சா, 900-க்கும் 1400-க்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கு. சாதா கேஜ்ல கம்ப்ரஷன் முன் ரோட்டார் (பிஸ்டனுக்குப் பதிலா சுத்தற முக்கோணத் துண்டு) 100 பிஎஸ்ஐ, பின் ரோட்டார் 95. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

முக்கோணம்:

முதல்ல அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டு வாங்க. ஸ்க்ரூ கடைசி வேலை, காத்துக் கசிவு தேடறதுதான் முதல் வேலை.

குளிர்ல நல்லா நிக்குதுன்னு பார்த்து ஏமாறாதீங்க. த்ராட்டில் பாடில (காத்து போற வழியைத் திறந்து மூடற பாகம்) இருக்கிற தெர்மோவாக்ஸ் (சூட்டுல விரியற மெழுகு வெச்ச பாகம்), கூலன்ட் சூடாகற வரைக்கும் ஃபாஸ்ட் ஐடில் கேம் வழியா த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்தே வெச்சிருக்கும். குறை அதுல மறைஞ்சிடும். கேம் விலகினதும் உண்மை நிலவரம் தெரியுது. சீரிஸ் 4-ல காத்தை அளக்கிறது தட்டு வெச்ச ஏர்ஃப்ளோ மீட்டர். அதைத் தாண்டி உள்ள நுழையற காத்து ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கணக்குல வராது, கலவை லீன் ஆயிடும் (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இருக்காது). ஐடிலிங்ல மொத்தக் காத்தே கொஞ்சம்தான், அதனால சின்ன ஓட்டைகூடப் பெரிசாத் தெரியும். 2000-ல அது கரைஞ்சு போயிடும். உங்க அறிகுறி இதோட அப்படியே பொருந்துது.

ஏர்ஃப்ளோ மீட்டர்ல இருந்து த்ராட்டில் பாடிக்குப் போற ரப்பர் டக்டைக் கழட்டி, மடிப்புகளை விரிச்சு அடிப்பக்கம் பாருங்க. விரிசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கம்தான் விழும். அடுத்தது பெட்ரோல் தெளிக்கற பிரைமரி இன்ஜெக்டரோட கீழ் ஓ-ரிங்கும் அதுக்கு அடியில இருக்கிற பிளாஸ்டிக் டிஃப்யூசரும். பிறகு ஆயில் நாசில்களுக்குப் போற மெல்லிய வேக்கம் ஹோஸ், மேல் மேனிஃபோல்டுக்கு அடியில சூட்டுல வெந்து கட்டியான ஹோஸ் கூட்டம், பிரேக் பூஸ்டர் ஹோஸ்.

ஓடற இன்ஜின்ல கார்ப் கிளீனர் அடிச்சுப் பார்க்காதீங்க. இந்த இன்ஜின்ல இன்டேக்குக்கு நேர் கீழயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கு, சொட்டினா தீப்பிடிக்கும். இன்ஜினை நிறுத்திட்டு, டக்ட் வாயை அடைச்சு, பூஸ்டர் ஹோஸ் வழியா 1 பிஎஸ்ஐ அளவுக்குப் புகை விட்டுப் பாருங்க.

வயர்மணி:

கசிவு இல்லைன்னு உறுதியான பிறகு செய்ய வேண்டிய செட்டிங் இது.

இன்ஜின் முழுசா சூடாகி, கேம் ரோலர் விலகியிருக்கணும். அது விலகாம டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்) அளந்தா அளவு தப்பா வரும். இன்ஜினை ஆஃப் பண்ணி டிபிஎஸ் கனெக்டரைக் கழட்டுங்க. மூணு பின்ல, த்ராட்டில் திறக்கத் திறக்க ரெசிஸ்டன்ஸ் கூடற ஜோடியைக் கண்டுபிடிங்க. மூடியிருக்கும்போது 1 கிலோ ஓம், முழுசாத் திறந்தா கிட்டத்தட்ட 5. நடுவுல எங்கயும் குதிக்கக் கூடாது. குதிச்சா டிபிஎஸ் தேஞ்சு போச்சு, மாத்தணும்.

அடுத்து லீடிங் (கீழ் பிளக்) காயில் பக்கத்துல பச்சை நிறத்துல இருக்கிற இனிஷியல் செட் கப்ளரை ஜம்பர் பண்ணுங்க (பின்களை ஒரு வயரால இணைங்க). ஐடிலிங்குக்குக் காத்து விடற பிஏசி வால்வை ஈசியூ திருத்தறதை நிறுத்திடும். இப்ப ஸ்க்ரூவால 750-ல நிறுத்தி, ஜம்பரை எடுத்திடுங்க. ஜம்பர் இல்லாம ஸ்க்ரூவைத் திருப்பினா நீங்க ஒரு பக்கம், ஈசியூ ஒரு பக்கம் இழுக்கறதுதான் நடக்கும்.

ஏறி இறங்கறதுக்கும் காரணம் உண்டு. த்ராட்டில் மூடியிருக்குன்னு டிபிஎஸ் சொல்ற நேரத்துல ஆர்பிஎம் அதிகமா இருந்தா, வண்டி சரிவுல இறங்குதுன்னு நினைச்சு ஈசியூ பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழுந்ததும் மறுபடி விடும். ஸ்க்ரூவைத் திறந்து காத்தை ஏத்தினா இந்தச் சுத்துல மாட்டிக்கும்.

ஹெட்லைட்டுக்கே ஆஃப் ஆகறதால பிஏசி வால்வு மேலயும் எனக்குச் சந்தேகம். லோடு ஏறும்போது கூடுதல் காத்து விடறது அதோட வேலை. கழட்டி, உள்ள இருக்கிற கரியைக் கிளீனரால கழுவுங்க. வால்வோட பின்னைப் பேட்டரில தொட்டா கிளிக் சத்தம் வரணும்.

ஏபெக்ஸ்:

கம்ப்ரஷன் 100, 95-ன்னு சொல்றது பாதித் தகவல். ஒரு ரோட்டாருக்கு மூணு முகம். சாதா கேஜ்ல இருக்கிற வால்வு அதிக அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், மூணுல நல்லா இருக்கிற முகத்தைத்தான் காட்டும். ஹோஸ் முனைல இருக்கிற அந்தக் குட்டி வால்வைக் கழட்டுங்க. இன்ஜின் சூடா இருக்கணும், பெட்ரோலும் ஸ்பார்க்கும் கட், ஆக்சிலரேட்டர் முழுசா மிதிச்சபடி, முழு சார்ஜ் பேட்டரியோட கிராங்க் பண்ணுங்க. முள் துள்ளறதை போன்ல ஸ்லோமோஷன்ல எடுங்க.

மூணு துள்ளலும் ஒரே உயரம்னா இன்ஜின் நல்ல நிலைல இருக்கு. அடுத்தடுத்து ரெண்டு குறைஞ்சா, அந்த ரெண்டு முகத்துக்கும் நடுவுல, ரோட்டார் முனைல இருக்கிற ஏபெக்ஸ் சீல் போயிருக்கு. ஒண்ணு மட்டும் குறைஞ்சா பெரும்பாலும் ரோட்டார் பக்கவாட்டுல இருக்கிற சைடு சீல். 250 ஆர்பிஎம்-ல கீழ் வரம்பு சதுர செ.மீ.க்கு 6 கிலோ, அதாவது 85 பிஎஸ்ஐ. முகங்களுக்குள்ள வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. சூட்டுல உடனே ஸ்டார்ட் ஆகுதுன்னு சொன்னது நல்ல அறிகுறி. சீல் போன ரோட்டரி முதல்ல சூட்டுலதான் மக்கர் பண்ணும்.

டைமிங் லைட் இருந்தா நாலு பிளக் வயர்லயும் மாட்டி, விட்டுப் போகாம மின்னுதான்னு பாருங்க. ஐடிலிங்கைத் தாங்கறது கீழ இருக்கிற லீடிங் பிளக். மேல இருக்கிற டிரெய்லிங் விட்டுப் போனா ஐடிலிங்ல அவ்வளவாத் தெரியாது.

சுழலி87:

டக்ட்ல விரிசல் இல்ல. புகை விட்டதுல முன் பிரைமரி இன்ஜெக்டர் அடியில இருந்து மெல்லிசா வருது. மேல் மேனிஃபோல்டைக் கழட்டித்தான் ஆகணுமா?

முக்கோணம்:

ஆமா, பிரைமரி ரெண்டும் நடு ஹவுசிங்ல உக்காந்திருக்கு, டைனமிக் சேம்பரை, அதாவது மேல் மேனிஃபோல்டை, தூக்காம கை போகாது. அதுக்கு முன்னால இன்ஜின் ஓடும்போதே ஃபியூவல் பம்ப் கனெக்டரைப் பிடுங்கி, தானா நிக்க விடுங்க. லைன்ல அழுத்தம் இறங்கிடும். சேம்பர் வெளிய வந்ததும் போர்ட் எல்லாத்தையும் சுத்தமான துணியால அடைச்சிடுங்க. ஒரு வாஷர் உள்ள விழுந்தா ரோட்டார் ஹவுசிங் காலி.

கசியற ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, ரெண்டுக்கும் மேல் கீழ் ஓ-ரிங், டிஃப்யூசர், சேம்பர் கேஸ்கெட் எல்லாம் புதுசு வாங்குங்க. ஓ-ரிங்ல இன்ஜின் ஆயில் தடவி நேரா அழுத்துங்க. சாய்ச்சுச் செருகினா உதடு மடங்கி மறுபடி கசியும். அங்க கை போற நேரத்துலயே வேக்கம் ஹோஸையும் மாத்திடுங்க, சிலிகான் போடலாம். பெட்ரோல் ஆவி போற பர்ஜ் லைனுக்கு மட்டும் சிலிகான் வேண்டாம், ஊறிப் போயிடும். அதுக்கு ஃபியூவல் ஹோஸே போடுங்க.