புதுப்பிப்பு: வின்ச்சில் ஸ்டீல் ரோப்பைக் கழற்றிவிட்டேன்

சிக்கிய வண்டியை இழுக்கக் கயிற்றைச் சுற்றும் கருவியான வின்ச்சில் ஸ்டீல் ரோப்பையே வைத்துக்கொள்வதா, சிந்தெடிக் (செயற்கை இழை) கயிற்றுக்கு மாறுவதா என்று போன மழைக்கு முன்னால் கேட்டிருந்தேன். மாறிவிட்டேன், பத்து மாதம் ஆகிறது.

காரணம் சின்னதுதான். ரோப்பைச் சுற்றும்போது அறுந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பி இழை தோல் கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஏறிவிட்டது, அன்றே கழற்றினேன். 28 மீட்டர் ரோப் பத்து கிலோவுக்கு மேல் கனத்தது. புதுக் கயிற்றை ஒரே கையில் எடுத்துக்கொண்டு சரிவின் உச்சியில் இருக்கும் மரம்வரை ஏறிவிடலாம், தண்ணீரிலும் மிதக்கும், அறுந்தாலும் கம்பி அளவுக்குச் சாட்டையாய் அடிக்காது. ஆனாலும் அறுந்தால் துள்ளாமல் அமுக்க, கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு போடாமல் நான் இழுப்பதில்லை.

கயிற்றை மட்டும் மாற்றினால் போதாது. கயிறு வெளியே வரும் வாயில் இருக்கும் பழைய ரோலரை விரலால் தடவிப் பாருங்கள், கம்பி கீறிய பிசிறு தட்டுப்படும், அது கயிற்றை அறுத்துவிடும். அதனால் ரோலருக்குப் பதிலாக, கயிறு வழுக்கி வரும் வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட் போட்டேன். அப்புறம் சூடு. இந்த இழை சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். என் வின்ச்சில் கயிறு சுற்றும் டிரம்முக்கு உள்ளேயே பிரேக் இருப்பதால், பாரத்தோடு வண்டியைக் கீழே இறக்கினால் டிரம் கொதித்து முதல் அடுக்குக் கயிறு பாழாகும், அதனால் அந்த வேலையை நீண்ட நேரம் செய்யவே மாட்டேன்.

சேற்றில் இழுத்த நாளே கழுவி நிழலில் காயவைக்கிறேன், மணல் உள்ளே தங்கினால் இழையை அரிக்கும்.

எஸ்டேட்டில் தினமும் கட்டை இழுக்கக் கேட்டவருக்கு: தரையிலும் பாறையிலும் உரசும் வேலை, ஸ்டீலே இருக்கட்டும்.